போனா, மெயிலா? கம்பனிகளிடம் ஒன்றைக் கேட்கும் முன் வருகிற கேள்விகள்

வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஒரு கொமியூனிகேஷனில் வேலை செய்கிறேன். போட்டோக்கொப்பி, ஸ்கேன், ரீலோட் ஆகியவற்றோடு, கம்பனிகளுக்கும் வங்கிகளுக்கும் மெயில் எழுதிக் கொடுக்கும் வேலையும் எப்படியோ சேர்ந்துவிட்டது. அதற்கு முன் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் தமிழ்ப் பிரிவில் போன் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே காதில் விழுந்த சந்தேகங்களும் இங்கே கவுண்டரில் கேட்கிறவையும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை எல்லோருக்குமாக இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

1. தம்பி, ஒரு கோல் எடுத்தா ரெண்டு நிமிசத்துல முடியிற அலுவலுக்கு எதுக்கு மெயில்?

உண்மையிலேயே ரெண்டு நிமிடத்தில் முடியும் என்றால் கோல்தான் எடுக்க வேண்டும். கிளை எத்தனை மணிக்குப் பூட்டும், அந்த மொடல் கையிருப்பில் இருக்கிறதா, கொட்டாஞ்சேனைக்கு டிலிவரி உண்டா என்பதற்கெல்லாம் மெயில் எழுதிவிட்டுக் காத்திருப்பது வீண்.

ஆனால் கோலில் முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிற பல அலுவல்கள் அங்கே முடிவதில்லை. "சரி அன்ரி, நாளைக்கு ஆள் அனுப்புறோம்" என்று சொல்லும் பிள்ளை மனதார அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஆளை அனுப்புவது அந்தப் பிள்ளை இல்லை. நீங்கள் சொன்னதை ஒரு வரியாகச் சுருக்கிக் கணினியில் பதிந்து வேறு பிரிவுக்குத் தள்ளிவிடும், அவ்வளவுதான். அந்த வரியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. மெயில் போட்டால் அந்த வரியை எழுதுவது நீங்கள்.

எனவே நான் எல்லோரிடமும் கேட்பது ஒன்றுதான்: "நாளைக்கு அவர்கள் 'நாங்கள் அப்படிச் சொல்லவில்லையே' என்றால் உங்களுக்கு நட்டமா?" நட்டம் இல்லையென்றால் கோல். நட்டம் என்றால் மெயில், அல்லது கோலும் மெயிலும் இரண்டும்.

2. அப்ப எதுக்கெல்லாம் கட்டாயம் கோல்தான் எடுக்கணும்?

நிமிடக் கணக்கில் நட்டம் ஏறுகிற எல்லாவற்றுக்கும். வங்கி அட்டை தொலைந்தால், கணக்கிலிருந்து உங்களுக்குத் தெரியாமல் காசு போனால், மெயிலைத் திறக்கவே வேண்டாம். அட்டையின் பின்பக்கத்தில் உள்ள எண்ணுக்குக் கோல் எடுத்து உடனே அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள். அட்டையே கையில் இல்லையென்றால் அந்த எண் எங்கிருந்து வரும்? அதனால் இன்றைக்கே போனில் பதிந்து வையுங்கள்.

கரண்ட் போனால் கொழும்பு நகருக்குள் 1987. கோட்டே, நுகேகொடை, மொரட்டுவைப் பக்கம் லெகோ (லங்கா மின்சாரக் கம்பனி) என்றால் 1910. தண்ணீருக்கு 1939. சாமான் இன்றைக்கு வரவேண்டும், டிரைவர் வழி தெரியாமல் நிற்கிறார் என்பதும் கோல்தான்.

3. எதுக்கெல்லாம் மெயில்?

பணம், திகதி, வாக்குறுதி இந்த மூன்றில் ஒன்று இருந்தால் மெயில். காசு திருப்பித் தரவேண்டும், பில்லில் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள், உத்தரவாதக் காலத்துக்குள் திருத்தித் தரவேண்டும், இணைப்பைத் துண்டிக்க வேண்டும், காப்புறுதியை நிறுத்த வேண்டும் எல்லாம் இதில் அடங்கும்.

இணைப்பைத் துண்டிப்பதைத் தனியாக அழுத்திச் சொல்ல வேண்டும். ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது அங்கேதான். கோல் எடுத்து "வேண்டாம், நிறுத்துங்கோ" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அடுத்த மாதமும் பில் வரும், அதற்கடுத்த மாதமும் வரும். எந்தத் திகதியில் நிறுத்தச் சொன்னீர்கள் என்பதைக் காட்ட எதுவும் இருக்காது.

4. மெயில் போட்டா யாருமே பாக்கிறதில்லையே?

சில கம்பனிகளில் அது உண்மைதான். ஆனால் பல தடவை மெயில் தவறான இடத்துக்குப் போயிருக்கும். உங்களுக்குத் தானாக வருகிற பில் மெயிலுக்கு அப்படியே ரிப்ளை செய்தால், அந்த முகவரி பெரும்பாலும் அனுப்ப மட்டும் வைத்திருப்பது. அதன் கீழே "இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்" என்று சின்ன எழுத்தில் இருக்கும். அங்கே போன மெயிலை யாரும் திறப்பதில்லை.

கம்பனியின் இணையதளத்தில் "தொடர்புகளுக்கு" என்ற பக்கத்தில் வாடிக்கையாளர் சேவைக்கென்று தனி முகவரி இருக்கிறதா பாருங்கள். பொதுத் தகவல் முகவரிக்கு விளம்பரக்காரர்களும் வேலை தேடுகிறவர்களும் எழுதுவதால் அங்கே நெரிசல். எதுவும் கிடைக்காவிட்டால் ஒரு கோல் எடுத்து "முறைப்பாட்டை எந்த மெயிலுக்கு அனுப்ப வேண்டும்?" என்று மட்டும் கேளுங்கள். எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லி எழுதி, திரும்ப வாசித்துக் காட்டுங்கள்.

சரியான இடத்துக்குப் போனால் பல கம்பனிகளில் உடனே ஒரு தானியங்கிப் பதில் வரும். அதில் ஒரு இலக்கம் இருந்தால் அதுதான் உங்கள் பிடி. ஸ்பாம் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள்.

5. எனக்கு இங்கிலீஷ் வராது. தமிழ்ல மெயில் போடலாமா?

போடலாம். இதைக் கேட்கும்போது ஆட்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். அப்படிக் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

அரச நிறுவனம் என்றால் அது உங்கள் உரிமை. அரசியலமைப்பின் மொழி பற்றிய 4ஆம் அத்தியாயத்தின்படி, கொழும்பில் இருந்துகொண்டு அரச அலுவலர் ஒருவருக்கு நீங்கள் தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதிலும் பெறலாம். தனியார் கம்பனியை அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாது. ஆனால் தமிழ் வாடிக்கையாளர்கள் உள்ள எந்தப் பெரிய கம்பனியிலும் தமிழ் வாசிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நானே அப்படி ஒரு பிரிவில்தான் இருந்தேன். தமிழ் மெயில் வந்தால் எங்களிடம்தான் தள்ளுவார்கள். வராவிட்டால் தமிழில் எழுத ஆளே இல்லை என்று நிர்வாகம் நினைத்துக்கொள்ளும்.

நடைமுறையில் ஒன்று செய்யுங்கள். விடயத்தை முழுதாகத் தமிழில் எழுதுங்கள். பற்றுச்சீட்டு இலக்கம், கணக்கு இலக்கம், மொடல், திகதி, தொகை இவற்றைப் பில்லில் உள்ளபடியே போடுங்கள். தமிழ் தெரியாத ஒருவர் திறந்தாலும் அந்த இலக்கங்களை வைத்து உங்கள் கோப்பைக் கண்டுபிடித்துவிடுவார். அரைகுறை ஆங்கிலத்தில் எழுதி, நீங்கள் சொல்ல வந்ததே மாறிப்போவதைவிட இது எவ்வளவோ மேல்.

6. தமிழ்ல அடிச்சு அனுப்பினேன். அங்க வேற ஏதோ எழுத்து வந்திருக்காம்?

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். நம் நாட்டில் பழைய கணினிகளில் தமிழ் அடித்துப் பழகியவர்கள் பலரும் பாமினிக்காரர்கள்தான். பாமினி உள்ள கணினியில் அது தமிழாகத் தெரியும். மெயிலோடு அந்த எழுத்துரு சேர்ந்து போகாது. மறுபக்கத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலந்து, எவராலும் வாசிக்க முடியாத ஒன்றாகத் தெரியும்.

எல்லாக் கணினியும் புரிந்துகொள்ளும் பொது எழுத்து முறையான யுனிகோடில் அடித்தால் இந்தப் பிரச்சினை இல்லை. கைத்தொலைபேசியின் தமிழ் விசைப்பலகையில் அடிப்பது எல்லாம் யுனிகோட்தான். பாமினிதான் கைக்கு வரும் என்றால் அதில் அடித்து, யுனிகோடுக்கு மாற்றித் தரும் தளத்தில் போட்டு எடுங்கள். அல்லது கடிதமாக அச்சிட்டுக் கையொப்பமிட்டு, ஸ்கேன் செய்து பீடிஎப் ஆக இணையுங்கள்.

7. சரி, மெயில்ல என்னதான் எழுதணும்? எங்க தொடங்கிறது?

நடந்த கதையை முதலிலிருந்து எழுத வேண்டாம். வாசிக்கிறவர் முதல் மூன்று வரியில் மூன்று விடயங்களைத் தேடுவார்: நீங்கள் யார், எந்தச் சாமான், என்ன வேண்டும். மற்றதெல்லாம் பிறகு. கடையில் நான் எழுதிக் கொடுக்கும் மாதிரி இது. விவரங்கள் உதாரணத்துக்கு.

விடயம்: சலவை இயந்திரம் – உத்தரவாதத் திருத்தம் – பற்றுச்சீட்டு இல. 00000

ஐயா/அம்மணி,

மார்ச் 3ஆம் திகதி உங்கள் வெள்ளவத்தைக் கிளையில் மேற்படி பற்றுச்சீட்டின்படி சலவை இயந்திரம் ஒன்றை வாங்கினேன். ஏப்ரல் 20ஆம் திகதி முதல் அது தண்ணீரை வெளியேற்றுவதில்லை. ஏப்ரல் 21, 25ஆம் திகதிகளில் தொலைபேசியில் அறிவித்தேன். இதுவரை எவரும் வரவில்லை.

உத்தரவாதத்தின் கீழ் இதைத் திருத்தித் தரும்படியும், திருத்துநர் வரும் திகதியை மே 5ஆம் திகதிக்கு முன் எனக்கு எழுத்தில் அறிவிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். பற்றுச்சீட்டின் படமும் உத்தரவாத அட்டையின் படமும் இணைத்துள்ளேன்.

பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம்.

அவ்வளவுதான். விடய வரியில் "முறைப்பாடு", "அவசரம்" என்று மட்டும் போட்டால் அது நூறு மெயிலோடு ஒன்றாகிவிடும். "மே 5ஆம் திகதிக்கு முன்" என்ற இடத்தைக் கவனியுங்கள். திகதி குறித்துக் கேட்டால்தான் அது தாண்டிப் போனதைப் பிறகு காட்ட முடியும். கோபம் இருக்கும், இருக்கத்தான் செய்யும். ஆனால் அதை மெயிலில் கொட்டினால் வாசிக்கிறவர் கோபத்துக்குப் பதில் எழுதிவிட்டு, கேட்டதை விட்டுவிடுவார்.

8. பில்லு, படம் எல்லாம் எப்படி அனுப்பிறது?

பில்லை வெளிச்சத்தில் தட்டையாக வைத்து நேர் மேலிருந்து படம் எடுங்கள். கடைகளில் தரும் வெப்பத்தாள் பில் சில மாதத்தில் மங்கி வெள்ளைத்தாளாகிவிடும். எனவே வாங்கிய அன்றைக்கே எடுத்து வையுங்கள். முறைப்பாடு வந்த பிறகு எடுப்போம் என்று இருந்தால் அதில் எழுத்து இருக்காது. பில் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வியாபாரிக்குச் சொல்கிறது.

ஜிமெயிலில் இணைப்புகள் 25 மெகாபைட்டைத் தாண்டினால் இணைப்பாகப் போகாது. பழுதான சாமான் ஓடும் விதத்தைக் காட்ட வீடியோ எடுத்தால் அரை நிமிடம் போதும். ஐபோனில் எடுத்த படம் சில அலுவலகக் கணினிகளில் திறக்காது. ஜேபெக் ஆக மாற்றி அனுப்புங்கள். அசல் பில்லை எக்காரணம் கொண்டும் கொடுத்துவிட வேண்டாம். கொப்பி கொடுங்கள்.

9. கோல் எடுத்தா பாட்டு ஓடிக்கொண்டே இருக்கு. எப்ப எடுத்தா கிடைக்கும்?

திங்கட்கிழமை காலையிலும் போயா விடுமுறைக்கு அடுத்த நாளும் எடுக்காதீர்கள். பூட்டியிருந்த நாளின் கோல் எல்லாம் அன்றைக்கு வந்து குவியும். பகல் சாப்பாட்டு நேரத்தில் பாதிப் பேர் எழும்பிப் போயிருப்பார்கள். செவ்வாய் முதல் வியாழன் வரை, காலைக் கூட்டம் தணிந்த பிறகு, பத்தரை பதினொரு மணியளவில் எடுத்துப் பாருங்கள்.

10. தமிழுக்கு இரண்டை அமத்து எண்டு சொல்லுது. அமத்தினா சிங்களத்தில பேசுறாங்க!

தமிழ் ஆட்கள் குறைவாக இருந்து அவர்கள் எல்லோரும் வேறு கோலில் இருந்தால், இணைப்பைச் சும்மா வைத்திருக்காமல் யாராவது கிடைக்கிறவரிடம் தள்ளிவிடுகிறார்கள். நீங்கள் "தமிழ் கதைக்கிற ஒருவருக்கு மாற்றுங்கோ" என்று அமைதியாகக் கேட்கலாம். உடனே ஆள் இல்லையென்றால் "தமிழ் தெரிந்தவர் எனக்குத் திருப்பி எடுக்கட்டும்" என்று சொல்லி இலக்கத்தைக் கொடுங்கள். உங்களோடு பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பாதி விளங்காத மொழியில் பணம் சம்பந்தமான எதற்கும் "ஓம்" சொல்லாதீர்கள். கடனட்டைக்குக் காப்புறுதி சேர்ப்பது, பெக்கேஜ் மாற்றுவது எல்லாம் ஒரு "ஓம்"இல் நடந்துவிடுகிறது. வயதானவர்கள் மரியாதைக்காக "ஓம் ஓம்" என்று சொல்லிவிட்டு வந்து, பில்லைக் காட்டி என்னிடம் கேட்கும்போது வயிறெரிகிறது. "விளங்கவில்லை, எழுத்தில் அனுப்புங்கள்" என்று சொல்வதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

11. போன்ல தாறோம் எண்டு சொன்னவை, இப்ப இல்லை எண்டுறாங்க. என்ன செய்யிறது?

இனிமேலுக்காக முதலில் சொல்கிறேன். போனுக்குப் பக்கத்தில் ஒரு சீ.ஆர். கொப்பி வையுங்கள். ஒவ்வொரு கோலுக்கும் ஒரு வரி: திகதி, நேரம், பேசியவர் பெயர், முறைப்பாட்டு இலக்கம், என்ன சொன்னார். "ஏப். 25, காலை 10.40, கொம்பிளெயின் நம்பர் தந்தார், இரண்டு நாளில் வருவதாகச் சொன்னார்" என்று இருந்தால் போதும். முறைப்பாட்டு இலக்கம் தராமல் கோலை முடிக்க விடாதீர்கள்.

போனை வைத்ததும் சூட்டோடு சூடாக ஒரு சின்ன மெயில்: "இன்று காலை 10.40க்கு உங்கள் வாடிக்கையாளர் சேவையோடு பேசியபோது, இரண்டு நாளில் திருத்துநரை அனுப்புவதாகச் சொன்னார்கள். நான் விளங்கிக்கொண்டது தவறென்றால் அறிவிக்கவும்." அவர்கள் மறுத்து எழுதாவிட்டால், பிறகு "அப்படிச் சொல்லவே இல்லை" என்று சொல்வது அவர்களுக்குக் கடினம். போனின் வேகமும் மெயிலின் பிடியும் இரண்டும் உங்களுக்குக் கிடைக்கின்றன. நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஏற்கனவே மறுத்துவிட்டார்கள் என்றால், போனின் அழைப்புப் பட்டியலில் அந்த எண்ணும் நேரமும் இருக்கும். அழிய முன் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். "இந்தத் திகதி, இந்த நேரத்தில் பேசினேன், உங்கள் பதிவைக் கேட்டுப் பாருங்கள்" என்று மெயிலில் எழுதுங்கள். "தரத்துக்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்படலாம்" என்று அவர்களே சொல்லியிருப்பார்கள்.

12. நானே ரெக்கோர்ட் பண்ணி வைச்சா போதாதா?

உங்கள் ஞாபகத்துக்கு உதவும். அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ஒலிப்பதிவுகளைச் சாட்சியமாக எடுக்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியச் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வழி வைத்திருக்கிறது, ஆனால் நிபந்தனைகளோடு. ஒரு பிரிட்ஜ் முறைப்பாட்டுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. கம்பனியில் உள்ள அதிகாரி உங்கள் இருபது நிமிட ஒலிப்பதிவைக் கேட்கமாட்டார். நான்கு வரி மெயிலை வாசிப்பார். பதிவு செய்வதானால் மறுமுனையில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

13. இப்ப எல்லாக் கம்பனிக்கும் வட்ஸ்அப் இருக்கே? அது போனா, மெயிலா?

வேகத்தில் போன், எழுத்தில் மெயில். சின்னக் கடைகளோடும் முகநூலில் விற்கிறவர்களோடும் வேறு வழியும் இல்லை. தாராளமாகப் பாவியுங்கள்.

ஆனால் வட்ஸ்அப்பில் அனுப்பியவர் 15 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்தலாம், இரண்டு நாள் தாண்டியும் எல்லோருக்கும் அழியும்படி நீக்கலாம். உங்கள் போன் தொலைந்தால் எல்லாம் போய்விடும். எனவே விலை, டிலிவரித் திகதி, "ரிட்டர்ன் எடுப்போம்" என்ற மாதிரி ஒரு செய்தி வந்தவுடனே ஸ்கிரீன்ஷொட். மேலே எண்ணும் திகதியும் தெரியவேண்டும். குரல் செய்தியில் வாக்குறுதி தந்தால் "எழுத்தில் போடுங்கோ" என்று கேளுங்கள். காசு பெரிதென்றால் அரட்டையை எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள்.

14. கூகுள்ல எடுத்த ஹொட்லைனுக்குக் கோல் எடுத்தேன். ஓ.டி.பி. கேட்டாங்க. குடுக்கலாமா?

கூடாது. வங்கியோ கம்பனியோ எதுவும், நீங்கள் எடுத்த கோலிலும் அவர்கள் எடுத்த கோலிலும், ஓ.டி.பி., பின் இலக்கம், அட்டையின் பின்னால் உள்ள மூன்று இலக்கம் கேட்கக் கூடாது. கேட்டால் உடனே வையுங்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் 2ஆவது கேள்வியில் சொன்னபடி இந்த நிமிடமே அட்டையை நிறுத்துங்கள்.

தேடலில் மேலே வருகிற எண்ணும் முகநூல் பக்கத்தில் உள்ள எண்ணும் போலியாக இருக்கலாம். பில்லில், அட்டையில், வங்கிப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கிற எண்தான் எண். மெயிலிலும் இதே கதைதான். பெயர் கம்பனியின் பெயராக இருக்கும், முகவரியைத் தொட்டுப் பார்த்தால் வேறெங்கோ இருந்து வந்திருக்கும்.

15. அம்மாட பேர்ல இருக்கிற கனெக்ஷன். மகன் நான் கனடாவில. நான் கேக்கலாமா?

பொதுத் தகவல் கேட்கலாம். கணக்கு விவரம் தரமாட்டார்கள். தராமல் இருப்பது அம்மாவின் பாதுகாப்புக்காகத்தான். அம்மா கையொப்பமிட்ட ஒரு சின்ன அதிகாரக் கடிதம், அவரின் அடையாள அட்டைக் கொப்பி, உங்கள் அடையாளம் மூன்றையும் இணைத்து மெயில் போடுங்கள். அம்மாவையும் அதில் பிரதியாகச் சேருங்கள். அதன்பின் அந்த மெயில் சங்கிலியிலேயே தொடருங்கள், புதிதாகத் தொடங்காதீர்கள்.

நான்கு இலக்க ஹொட்லைன்கள் வெளிநாட்டிலிருந்து பொதுவாகக் கிடைக்காது. 011இல் தொடங்கும் எண்ணைத் தேடி, முன்னால் 94 சேர்த்து, பூச்சியத்தை விட்டு எடுங்கள். ரொறொன்ரோவில் கோடைகாலத்தில் இரவு பதினொன்றரைக்குத்தான் கொழும்பில் காலை ஒன்பது மணி. நித்திரையைக் கெடுத்துக்கொள்வதைவிட உங்களுக்கு மெயில்தான் வசதி.

16. எத்தனை நாள் பொறுக்கிறது?

சாதாரண விடயத்துக்கு ஒரு வாரம். பதில் இல்லையென்றால் அதே மெயிலுக்கு மேல் ரிப்ளை செய்து நினைவூட்டுங்கள், மேற்பார்வையாளர் அல்லது முகாமையாளரைப் பிரதியில் சேருங்கள். அன்றைக்கே ஒரு கோலும் எடுத்து "இந்த இலக்கத்தில் மெயில் போட்டிருக்கிறேன், திறந்து பாருங்கள்" என்று சொல்லுங்கள். கிடப்பில் கிடக்கும் மெயிலை மேலே கொண்டுவரக் கோலைப் போல ஒன்றில்லை.

ஆனால் பொறுப்பதற்கு ஒரு எல்லை உண்டு. மேலே சொன்ன 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருள் பற்றிப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் செய்யும் முறைப்பாட்டை, வாங்கி மூன்று மாதத்துக்குள் செய்யவேண்டும். "நாளைக்கு ஆள் வரும்", "பாட்ஸ் இன்னும் வரவில்லை" என்று போனில் சொல்லிச் சொல்லியே மூன்று மாதம் ஓடிவிடுகிறது. ஹம்டன் லேனிலிருந்து ஒரு அன்ரி பிரிட்ஜ் விடயமாக வந்தார். கம்பனியில் ஒவ்வொருவரும் அவரிடம் நல்லபடியாகத்தான் பேசியிருக்கிறார்கள், எத்தனை பேர் என்று அவருக்கே கணக்கில்லை. கையில் ஒரு துண்டு எழுத்து இல்லை, மூன்று மாதமும் தாண்டிவிட்டது. வாங்கிய நாளிலிருந்து இரண்டு மாதம் ஆகிறபோதும் சாமான் திருந்தவில்லை என்றால் இனிப் பொறுக்காதீர்கள், அடுத்த கேள்விக்குப் போங்கள்.

17. கம்பனி அசையவே இல்லை. இனி யாரிட்டப் போறது?

சாமான், உத்தரவாதம், விலை என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, 1977. விசாரித்துப் பார்த்து, காசைத் திருப்பிக் கொடுக்க, மாற்றிக் கொடுக்க அல்லது நட்டஈடு கொடுக்க உத்தரவிட அதற்கு அதிகாரம் இருக்கிறது. போன், இணையம் என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, 1900. வங்கி, நிதிக் கம்பனி என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், 1935. எந்த அரச அலுவலகம் என்றே தெரியாவிட்டால் அரசாங்கத் தகவல் நிலையம், 1919. அங்கே மூன்று மொழியிலும் பேசலாம்.

இந்த எண்களுக்கு எடுத்ததும் வரும் முதல் கேள்வி: "முதலில் கம்பனிக்கு அறிவித்தீர்களா? எப்போது?" மத்திய வங்கி விடயத்தில் முதலில் அந்த வங்கியிடமே முறைப்பாடு செய்திருக்க வேண்டும். 7ஆவது கேள்வியில் உள்ள மெயில் உங்களிடம் இருந்தால் அதை அப்படியே முன்னனுப்பலாம். இல்லையென்றால் அன்றைக்கிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அரச நிறுவனம் ஒன்று உங்கள் விண்ணப்பத்துக்கு என்ன நடந்தது என்றே சொல்லவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவைச் சொல்லவேண்டும். தமிழில் கேட்கலாம்.

18. மெயில் எல்லாம் செல்லுபடியாகுமா? பதிவுத் தபால்தான் செல்லும் எண்டு சொல்றாங்களே?

மின்வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு செய்திக்குச் சட்ட ஏற்பை மறுக்க முடியாது என்று 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் சொல்கிறது. எனவே மெயிலும் எழுத்துத்தான்.

ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் "பதிவுத் தபாலில் அறிவிக்க வேண்டும்" என்று இருந்தால் பதிவுத் தபாலையும் போடுங்கள். லீசிங், காப்புறுதி, வீட்டு வாடகை ஒப்பந்தங்களில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். தபால் பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அதே மெயில் சங்கிலியில் சேர்த்தால் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்.

19. நான் சின்னக் கடை வைச்சிருக்கிறன். போர்டில போன் நம்பர் மட்டும் போட்டாப் போதாதா?

கேள்வி கேட்கிறவர்களுக்காக இவ்வளவு எழுதியாயிற்று. பதில் சொல்கிறவர்களும் கடைக்கு வருகிறார்கள், பெரும்பாலும் புறக்கோட்டைப் பக்கத்து வியாபாரிகள். ஒருவர் இருவர் நடத்தும் கடைக்குப் போனும் வட்ஸ்அப்பும் தாராளம். பார்க்க ஆள் இல்லாத மெயில் முகவரியைப் போர்டில் போடுவதைவிட, போடாமல் இருப்பது வாடிக்கையாளருக்கு நல்லது. அதை நம்பி ஒருவர் வாரக்கணக்கில் காத்திருப்பார்.

உத்தரவாதத்தோடு சாமான் விற்கிறீர்கள், ஒன்லைனில் ஓடர் எடுக்கிறீர்கள் என்றால் மெயில் வேண்டும். தினமும் கடை திறந்ததும் ஒருமுறை, பூட்ட முன் ஒருமுறை பாருங்கள். உடனே தீர்க்க முடியாவிட்டாலும் "கிடைத்தது, வியாழக்கிழமை சொல்கிறோம்" என்று ஒரு வரி போடுங்கள், வியாழக்கிழமை சொல்லுங்கள். தமிழில் வந்தால் தமிழில், சிங்களத்தில் வந்தால் சிங்களத்தில். பில் அடிக்கக் கொடுக்கும்போது அதன் கீழேயே எண், மெயில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை பதில் சொல்வீர்கள் மூன்றையும் மூன்று மொழியிலும் போடச் சொல்லுங்கள். தமிழ் வரியை அச்சுக்கு விட முன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசிக்க வையுங்கள்.